விலாவுக்குக் கீழே மூன்று விரல்

நிம்மியை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, கிறிஸ்மஸ் கவுனை மாட்டிவிட்டேன். இளமஞ்சள் நெட் துணி. இடுப்பில் ஒரு பட்டி, பின்னால் பெரிய முடிச்சு. பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். முன்பக்கம் பட்டி மேலே ஏறிக்கொண்டு நின்றது.

"அசையாம நில்லுடி."

"அசையலம்மா."

நிஜமாகவே அசையவில்லை. அப்போது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. ஸ்டூலில் நிற்கச் சொன்னால் சிலை மாதிரி நிற்பாள், தையல்காரி பிள்ளை அல்லவா.

தையல்காரிக்கு முதல் சந்தேகம் தன் கத்தரி மேல்தான் வரும். பட்டியைப் பிரித்து, அரை இஞ்ச் இறக்கி, திரும்பத் தைத்து மாட்டினேன். திரும்பவும் ஏறியது. வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

மூன்றாவது தடவை பிரிக்கப் போனபோதுதான் துணிக்குள் கையை விட்டேன். விலாவின் கடைசி எலும்பு, வயிறு ஆரம்பிக்கிற இடத்தில், வெளியே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. கல்லு மாதிரி ஒரு விளிம்பு. அதற்குக் கீழே வயிறு பொம்மென்று இருந்தது.

வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது. வெறுங்காலோடு பிள்ளை நிற்கிறாளே, தேடி எடுக்க வேண்டுமே என்றுகூடத் தோன்றவில்லை. எனக்கு அந்த விளிம்பைத் தெரியும். அதை ஒரு தடவை என் கையால் தொட்டிருக்கிறேன்.

என் கல்யாணத்தில் பந்தி பாதியிலேயே பிரியாணி தீர்ந்துபோன கூத்தைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்குப் பயமே கிடையாதா, எல்லாவற்றையும் சிரித்தே தாண்டிவிடுவீர்களா" என்று கேட்டிருந்தார். அம்மா தாயே, எனக்கா பயமில்லை? நான்கு மாதம் பயத்தைத் தவிர வேறெதையும் நான் தின்னவில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்தோணி

நான் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். மழை பெய்தால் கடலை போடுவோம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு ஒரு தம்பி இருந்தான், அந்தோணி. எனக்கு எட்டு வயதாகும்போது அவனுக்கு இரண்டரை இருக்கும்.

அவனுக்கு வயிறு ஊதியது. கை கால் சூம்பியது. கண்ணில் மஞ்சள் ஏறியது. வைத்தியர் வந்தார். அவனைப் பாயில் மல்லாக்கப் போட்டு, வலப்பக்க விலாவுக்குக் கீழே விரலை ஒவ்வொன்றாக வைத்து அழுத்திப் பார்த்தார்.

"மூணு விரக்கடை எறங்கியிருக்கு. ஈரல் கட்டி" என்றார்.

அவர் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் வைத்தாள். "நீ தொட்டுப் பாருடி. நெசமாவே கெட்டியாவா இருக்கு? எனக்குக் கையே மரத்துப் போச்சு, ஒண்ணும் தெரியல."

இல்லை என்று யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் கேட்டாள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. "கெட்டியாத்தேன் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பத்தியம் ஆரம்பித்தது. பால் கூடாது, முட்டை கூடாது, எண்ணெய் கூடாது, கவிச்சி வாசமே ஆகாது. கீழாநெல்லியை அரைத்து வெறும் வயிற்றில். வெயில் மேலே படக் கூடாது. இருட்டறையில் கிடந்தான். அடுத்த மழைக்குள் செத்துப் போனான்.

காய்ச்சல்ல போயிட்டான்

அப்படியென்றால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நான் ஓடாததற்குக் காரணம் என் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சொன்ன ஒரு பொய்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் லூர்து மதினி முக்கியமான ஆள். மாப்பிள்ளைக்கு அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவள் என்பதால் கேள்வியெல்லாம் அவளுடையதுதான். "பொண்ணுகூடப் பொறந்தவுக?" என்று கேட்டாள்.

"ஒரு பய இருந்தான். காய்ச்சல்ல போயிட்டான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பூந்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

ஈரல் கட்டி ரத்தத்தோடு வருவது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்த வியாதியில் பிள்ளை செத்த வீடு என்று தெரிந்தால் பெண் எடுக்க யோசிப்பார்கள். அதனால் எங்கள் ஊரில் அந்தோணி மாதிரி செத்த பிள்ளைகள் எல்லாருமே காய்ச்சலில்தான் செத்தார்கள்.

இப்போது டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே "குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா" என்பதாகத்தான் இருக்கும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சகாயம் இருப்பார். எங்கள் வாசலை ஒட்டினாற்போல அடுத்த வீட்டில் மதினி இருக்கிறாள். என் வீட்டுச் சீக்கை மறைத்துக் கட்டிக் கொடுத்து, அது இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கொல்லப் போகிறது. இதை நான் எந்த வாயால் சொல்ல?

அம்மாவிடமாவது கேட்டிருக்கலாம். அவள் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தாள்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். டாக்டர் வேண்டாம். அந்தோணிக்குப் பத்தியம் லேட்டாக ஆரம்பித்தார்கள், அதனால்தான் போய்விட்டான். நான் இன்றைக்கே ஆரம்பித்துவிடுவேன். என் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். அட, என் புத்தி போன போக்கைப் பாருங்கள்!

குடைக் கவுன்

சகாயம் பூ வேன் ஓட்டினார். விடிவதற்கு முன் நிலக்கோட்டைக்குப் போனால், மல்லிகை மூட்டையை ஏற்றி இறக்கிவிட்டு வீடு திரும்ப மத்தியானம் ஆகும். காலை முழுக்க நானும் பிள்ளையும் தையல் மிஷினும்தான். ஒளித்துச் செய்ய ஏற்ற வீடு.

காலையில் கீழாநெல்லி. மத்தியானம் ரசஞ்சோறு. ராத்திரி கஞ்சி. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று கேட்டால் அவித்த சுரைக்காய். "என்ன புள்ள, இம்புட்டுக் கஞ்சி குடுக்குற?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "வயிறு சரியில்லைங்க, செரிக்கட்டும்" என்றேன். நல்ல மனுஷன், நம்பிவிட்டார்.

பிள்ளைக்கென்று தினமும் அரை லிட்டர் பால் வாங்கி வைத்துவிட்டுப் போவார். கொட்டினால் தெரிந்துபோகும். அதனால் காய்ச்சி நானே குடித்தேன். என் பிள்ளைக்கு வந்த பாலை. இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

வெயில் விஷயத்தில் புதிதாக நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எங்களது லைன் வீட்டில் மூன்றாவது. இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். நிம்மி பிறக்கும்போதே நல்ல நிறம். சந்தே கூடி "வெள்ளக்காரி" என்று கொஞ்சியதில் எனக்குத் தலைகால் புரியாமல், கறுத்துவிடுவாள் என்று பிறந்ததிலிருந்தே வெளியே விட்டதில்லை. டீயில் பிஸ்கட்டைத் தொட்டுக் கொடுத்து, மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்த்திவைத்தே வளர்த்தேன்.

விலாவையும் வயிற்றையும் யாரும் பார்த்துவிடக் கூடாதே. அதற்கு என் தொழில் கைகொடுத்தது. இடுப்புப் பட்டி போட்ட கவுன்களையெல்லாம் ஒழித்துக் கட்டினேன். நெஞ்சுக்கு மேலேயே வெட்டி, அங்கிருந்து நெருக்கமாகச் சுருக்கு வைத்து, குடை மாதிரி விரிகிற கவுன் தைத்துப் போட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று வானத்துச் சம்மனசுக்கும் தெரியாது.

கோயிலில் பார்த்த பெண்கள் துணியோடு வந்து நின்றார்கள். "நிம்மிக்குத் தச்ச அதே மாடல்ல எம்புள்ளைக்கும் ஒண்ணு தச்சுக் குடுக்கா" என்றார்கள். ஈஸ்டர் வருவதற்குள் எங்கள் சந்தில் பாதிப் பிள்ளைகள் அந்தக் கவுனில் அலைந்தன. அவ்வளவும் நல்ல விலா உள்ள பிள்ளைகள்.

இஞ்ச் டேப்

தினமும் காலையில் ஜெபமாலையில் பத்து மணி உருட்டிவிட்டு டேப்பை எடுப்பேன். கவுனைத் தூக்கி, கடைசி விலாவைச் சுற்றி அளவு. மாதாவே, இன்னைக்காவது குறைஞ்சிருக்கணும் என்று கண்ணை மூடிக்கொண்டு இழுப்பேன். திறந்து பார்க்க மனசு வராது. எண்ணைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

குறையவில்லை. இஞ்சில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் நூல் என்போம். முதல் மாதம் ஒரு நூல் ஏறியது. அப்புறம் இரண்டு நூல். கட்டிங் போடுகிற காக்கித் தாளின் மூலையில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டு வந்தேன்.

இடப்பக்க விலாவும் வெளியேதான் தள்ளியிருந்தது. கை அதையும் தொடத்தான் செய்தது. அது ஏன் என்று மனசு ஒருநாளும் கேட்கவில்லை. பயந்தவளுக்குக் கண்ணும் கையும் இருந்து என்ன பிரயோஜனம்?

அப்புறம் வேறு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தூங்கும்போது தலை மட்டும் தொப்பலாக வியர்க்கும். தலையணை நனைந்துவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் வலிக்குது என்று அழுவாள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நடந்தாள், நடந்தவள் சுவரைப் பிடித்து நடந்தாள். வாசப்படி ஏறச் சொன்னால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். கால் தெரியாமலிருக்க நான் நீளப் பேண்ட் தைத்துப் போட்டேன்.

அந்தோணியும் கடைசியில் நடக்கவில்லை.

ஒருநாள் மிஷினில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் துணியை வெட்ட எடுத்தேன். பிள்ளைகள் கோயிலில் முதல்தடவை அப்பம் வாங்குகிற புதுநன்மைக்கு யாரோ கொடுத்த துணி. சின்ன அளவு. கத்தரி ஓடவில்லை. இந்த அளவில் என் பிள்ளைக்கு வெள்ளைத் துணி எதற்காகத் தைக்க வேண்டிவருமோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

மதினி போட்ட சத்தம்

லைனிங் துணி வாங்க மார்க்கெட் வரை போக வேண்டியிருந்தது. "செத்த நேரம் பாத்துக்கங்க மதினி, குளிப்பாட்ட வேணாம், சளி பிடிச்சிருக்கு" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனேன். லூர்து மதினியிடம் வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னால் அதைத்தான் முதலில் செய்வாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது சந்து முனையிலேயே அவள் சத்தம் கேட்டது. சகாயம் வேனை நிறுத்திவிட்டு வந்து நின்றிருந்தார். நிம்மி ஈரத்தோடு, பொட்டுத் துணியில்லாமல், மதினி வீட்டு வாசலில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். நான்கு மாதமாக மூடி வைத்ததெல்லாம் வெட்டவெளிச்சமாக நின்றது.

"ஏ சீலி! இந்தப் புள்ள காலப் பாத்தியா நீ? ரெண்டும் வளைஞ்சு கெடக்கு. வெலா எலும்பு துருத்திக்கிட்டு வந்து நிக்கிது. தெனமும் ஒன் கையாலதான துணி மாத்துற? கண்ணு அவிஞ்சா போச்சு?"

நான் என் முந்தானையால் பிள்ளையை மூடப் போனேன்.

"ஏலே சகாயம், வண்டியை எடுறா. ஆசுபத்திரிக்குப் போவோம்."

"வேணாம்" என்றேன்.

"என்னடி வேணாம்?"

"வேணாம் மதினி. பிரயோசனமில்ல."

சகாயம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார். பூ வாசம் போகாத அந்த வேனில், நானும் மதினியும் பின்னால் ஏறினோம்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

குழந்தைகளுக்கான டாக்டரம்மா. கூட்டமான கூட்டம். எங்கள் முறை வருகிற வரைக்கும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே போனதும் அவர் நிம்மியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். காலைப் பார்த்தார். மேஜையில் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தார். அந்தக் கை விலாவுக்குக் கீழே போனது. இப்போது சொல்லப் போகிறார், மூணு விரக்கடை என்று.

"புள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி இது இல்லை. அதனாலோ என்னவோ எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. அந்தோணி, ஈரல் கட்டி, அம்மா சொன்ன காய்ச்சல் பொய், கீழாநெல்லி, நான் குடித்த பால், டேப்பு, நூல். சகாயம் இருக்கிறார், மதினி இருக்கிறாள் என்றெல்லாம் பார்க்கவில்லை. "எம்புள்ள எத்தன நாளைக்கு இருக்கும், அத மட்டும் சொல்லிருங்கம்மா" என்று கேட்டு முடித்தேன்.

டாக்டரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து நிம்மியின் விலாவில் வைத்தார்.

"மூச்சை இழுக்கச் சொல்லி, கீழ இருந்து அழுத்திப் பாருங்க. ஈரல் வீங்கியிருந்தா மூச்சுக்கு எறங்கி வந்து விரல்ல முட்டும். முட்டுதா?"

முட்டவில்லை. விரல் மெத்தென்று உள்ளே போனது.

"நீங்க ஈரல்னு நெனச்சது எலும்பும்மா. சரி, இந்தப் பக்கமும் தள்ளியிருக்கே. ஈரல் ரெண்டு பக்கமுமா இருக்கும்?"

நான் கையை இடப்பக்க விலாவுக்கு நகர்த்திவைத்தேன்.

விலா இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கப் பல காரணம் உண்டு என்றார். சில பிள்ளைகளுக்குப் பிறவி வாகே அப்படி, அதில் பயப்பட ஒன்றுமில்லை. விடாமல் இழுப்பு வருகிற பிள்ளைகளுக்கு மூச்சு இழுத்து இழுத்து அப்படி ஆகும். நிம்மிக்கு இரண்டும் இல்லை. எலும்பு கெட்டிப்படவில்லை. வெயில் படாததால் வைட்டமின் டி இல்லை, பால் முட்டை இல்லாததால் சுண்ணாம்புச் சத்து இல்லை. எலும்பு இளகி, மூச்சு இழுக்கிற இழுப்புக்கே விலா வளைந்துவிட்டது, உடம்பு கனத்துக்குக் கால் வளைந்துவிட்டது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து அதையே உறுதிப்படுத்தினார்.

"கொஞ்சமா ஆரம்பிச்சிருக்கும். அப்பவே வந்திருந்தா ஒண்ணுமில்ல. நீங்க நாலு மாசமா பத்தியம்ங்கிற பேர்ல அதுக்குத் தீனி போட்டிருக்கீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு ஊசி, ஒரு டானிக், வெயில், சாப்பாடு. பிள்ளை பிழைப்பாளா என்று திரும்பக் கேட்டேன். "வளர்ற புள்ள, எலும்பு நேராகிரும். நீங்க போய் மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றார்.

ரெண்டு பேருமா

திரும்பும்போது மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா. அவளையும் நாங்க காய்ச்சல்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறோம்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

சகாயம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றார். "நாலு மாசம் தனியா எதுக்குக் கெடந்து செத்த? ரெண்டு பேருமாச் சேந்து பயந்திருக்கலாம்ல."

அவ்வளவுதான். அப்புறம் இறங்கிப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

நிம்மியின் கால் ஒரு வருஷத்தில் நேராகிவிட்டது. விலா முழுசாக உள்ளே போகவில்லை. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அவள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடித் திரிந்தபோதும் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. "இது என் ஹேண்டில்" என்று தட்டிக் காட்டிச் சிரிப்பாள். என்னால் அந்தச் சிரிப்பில் சேர முடிந்ததில்லை.

மருந்து ஆரம்பித்த மறுநாள் காலையில் அவளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உடம்பில் ஜட்டி மட்டும். வெயில் அவளுக்குப் புதுசு, கண்ணை இடுக்கிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாயை விரித்து உட்காரவைத்து, அவித்த முட்டையை உரித்துப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன்.

வாயை இறுக்க மூடிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

"நல்லாருக்கும்டி. தின்னு."

"வேணாம்மா."

"ஏண்டி?"

"இதத் தின்னா செத்துருவேன்ல?"

நான் எப்போது சொன்னேன்? அவள் முட்டை கேட்டு அழுத ஏதோ ஒருநாள், பயத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது. அந்த மூன்று வயசுப் பிள்ளை சாவென்றால் என்னவென்று தெரியாமலே நான்கு மாதம் அதைப் பார்த்துப் பயந்து, ஆசைப்பட்டதையெல்லாம் கேட்காமல் விட்டு, கஞ்சி குடித்திருக்கிறாள்.

"இல்லடா தங்கம். அம்மா பொய் சொன்னேன். சாக மாட்ட, தின்னு" என்றேன். நான் அழுததில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

என் கையிலிருந்த துண்டை வாங்கி என் வாயில் வைத்தாள். நான் மென்று முழுங்குகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்தாள். முழுங்கிய பிறகும் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.